கிளுவை வேலிக்குள் நாற்பது தப்படி

நார்வேயில் நாங்கள் இருக்கும் ஊரில் மார்கழி, தை மாதங்களில் காலை எட்டரைக்கும் விடியாது. பிள்ளைகள் மஞ்சள் மேலுடுப்பு மாட்டிக்கொண்டு இருட்டில் பள்ளிக்கு நடப்பார்கள். அங்கே யாருக்கும் அது அதிசயமில்லை. எனக்குப் பயம். மகள் யாழினிக்கும் பயம். அதை மறக்கடிக்க நடந்தபடியே ஒரு கதை கட்டினேன். வெள்ளகோவில் பக்கம் ஒரு மேய்ச்சல் காடு, நடுவில் ஒற்றைப் பனை, அதிலிருந்து நாற்பது தப்படியில் ஒரு பாறை, அடியில் திருடர்கள் ஒளித்த பெட்டி. தேடிப்போன நான்கு பிள்ளைகளில் ஒருவன் நான். இரண்டு குளிர்காலம் கதை ஓடியது.

உண்மையில் நான் போத்தனூரில் ரயில் சத்தத்தில் வளர்ந்தவன். அந்தக் காட்டைக் கரூர் போகும் பஸ் ஜன்னலில் பார்த்ததோடு சரி. ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள்.

இந்த விடுமுறைக்குக் கோவை வந்தபோது, அவள் பெட்டியில் துணிகளுக்கு மேலே தானே வரைந்த வரைபடம் இருந்தது. "அப்பா, உங்க பாறையைக் காட்டுங்க." காட்டுகிறேன் என்றேன். வாடகைக் காரில் போகும்போது, எங்கே மாட்டிக்கொள்வேனோ என்று, ஒற்றைப் பனை நிற்கும் ஒரு காட்டை ஜன்னலில் தேடிக்கொண்டே வந்தேன். வெள்ளகோவிலுக்குச் சற்று முன்னால் கிளுவை முள்வேலி போட்ட ஒரு மேய்ச்சல் காடும் பனையும் தென்பட்டன. "இதுதான்" என்றேன். படலைத் திறந்து உள்ளே போனோம். அவள் பனையில் முதுகை ஒட்டி நின்றுவிட்டு, சத்தமாக எண்ணிக்கொண்டு நடந்தாள். நான் வரைபடத்தோடு பின்னால் போனேன்.

இருபத்தாறு எண்ணியபோது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த நிலத்துக்கார அம்மா ஓடி வந்தார்.

"ஏனுங்க, யாரைக் கேட்டு அளக்கறீங்க? டவர் போடறதுக்குத்தானே?"

"இல்லீங்க்கா, சும்மா பார்க்க வந்தோமுங்க."

"போன தடவ வந்தவங்களும் சும்மான்னுதான் சொன்னாங்க. அப்பறம் குழி நோண்டிப்போட்டாங்க. அந்தக் காயிதத்தக் குடுங்க."

செல்போனில் யாரையோ அழைத்தார். சாலையில் இரண்டு பைக்குகள் வந்து நின்றன. மின்கோபுரத்துக்கு நிலம் அளக்க வருபவர்களை இந்தப் பக்கம் யாரும் உள்ளே விடுவதில்லை. ஊர்க்காரன் என்றால் எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். யாழினி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவள் காதில் விழவே கூடாது என்று நினைத்திருந்ததைச் சொன்னேன்.

"இது கதைங்க்கா. பாப்பாவுக்காக நானே கட்டுனது. நான் இந்தக் காட்டுல இன்னிக்குத்தான் காலே வெக்கறேனுங்க."

அந்த அம்மா வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். அதில் திருடர்களின் மீசையைக் கண்டதும் அவர் முகம் இளகியது. "இத மொதல்லயே சொல்லறதில்லையா கண்ணு?" என்று அதை யாழினியிடம் கொடுத்து, குடிக்கத் தண்ணீரும் தந்தார். அவள் குடிக்கவில்லை.

காரில் வரைபடத்தை நான்காக மடித்து வைத்துக்கொண்டாள். காங்கேயம் தாண்டிய பிறகு கேட்டாள்: "போத்தனூராவது நிஜமாப்பா?"

"நிஜம்."

"அப்போ உங்க வீட்டைக் காட்டுங்க."

டிரைவரிடம் போத்தனூர் என்றேன். நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் இப்போது என்னைத் தெரியாத யாரோ இருப்பார்கள். கதவைத் தட்டினால், யாருங்க என்று கேட்பார்கள். இவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் என்ன சொல்வேன்?