வில்மாவின் அடிபம்பு

மலையைப் பார்க்க வருகிறவர்களைக் கண்டாலே எனக்குக் குமட்டும். கொலராடோவின் இந்தக் கணவாய்ச் சாலையில் பழுதான வண்டிகளை இழுப்பது என் தொழில். வீட்டில் பாதியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள், இறக்கத்தில் பிரேக்கைக் கருக்குவார்கள், பிறகு என்னைத் திட்டுவார்கள். அதுகூடப் போகட்டும். அவர்கள் விட்டுப்போவதை அள்ளுகிறவள் வில்மா.

கணவாய்க்குக் கீழே உள்ள கூடார முகாமைப் பார்த்துக்கொள்பவள் அவள். வயது அறுபத்தெட்டு. புருஷனின் வைத்தியத்துக்காக வீட்டை விற்றாள். வீடும் போயிற்று, புருஷனும் போனான். மே முதல் செப்டம்பர் வரை தான் குடியிருக்கும் பழைய டிரெய்லர் வண்டியை முகாமில் இலவசமாக நிறுத்திக்கொள்ளலாம். பதிலுக்குக் கக்கூஸ் கழுவ வேண்டும். அக்டோபரிலிருந்துதான் தங்கை தன் வீட்டில் சேர்த்துக்கொள்வாள். கக்கூஸ் குழிக்குள் டயப்பர், மீன் தலை, ஒருமுறை மடக்கு நாற்காலி. "திங்கத் தெரிஞ்ச கழுதைங்களுக்குப் பேளத் தெரியல" என்பாள்.

போன ஜூலையில், படுக்கை கக்கூஸ் எல்லாம் உள்ளேயே வைத்த பஸ் அளவு வண்டியோடு வந்த ஒருவன், பிரேக் போய்விட்டதென்று முகாமிலிருந்து போன் செய்தான். நான் போய்ச் சேர்ந்தபோது தன் கழிவுத் தொட்டியின் குழாயை அங்கிருந்த ஒரே அடிபம்பின் காலடியில் சிந்தும் தண்ணீர் வடியும் குழிக்குள் சொருகித் திறந்துவிட்டிருந்தான். 

"என்னய்யா பண்றே?" வில்மா ஓடி வந்தாள்.

"குழி இருந்துச்சே மேடம். இதுக்குத்தான்னு நெனச்சேன்."

"அது குடிக்கிற தண்ணிய்யா."

"நாங்க பாட்டில் தண்ணிதான் குடிப்போம்" என்று ஆறுதல் சொல்வதுபோல் சொன்னான். பிறகு என்னைக் காட்டினான். "இவருதான் இழுக்கறதுக்கு வெயிட்டைக் கொறைச்சு வைக்கச் சொன்னாரு."

போனில் நான் அப்படிச் சொன்னது உண்மைதான். சாமான்களை இறக்கி வைப்பான் என்று நினைத்துச் சொன்னேன். அப்போது என்னைக் கண்டே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அவளைத் தனியே அழைத்தேன். "வில்மாக்கா, ஆபீசுக்குத் தெரிஞ்சா முகாமையே மூடிருவாங்க. ஒங்க எடமும் போயிரும். பிளீச்சிங் பவுடரைக் கொட்டிட்டுப் பேசாம இருங்க."

பாட்டிலும் கையுமாக நாலு பேர் பம்பை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள்.

"நேத்து இதே தண்ணியிலதான் காப்பி போட்டேன், டுவெய்ன். நாளைக்கு நீ வந்தா ஒனக்கும் இதுலதான் போட்டுத் தரணும். குடிப்பியா?"

 அவள் வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள். பம்பின் கைப்பிடியைச் சங்கிலியால் பூட்டிவிட்டு, ஆபீசைக் கூப்பிட வாக்கி டாக்கியை எடுத்தாள்.

மறுநாளே முகாமை மூடினார்கள். அவளுடைய டிரெய்லரை நான்தான் இழுத்துக்கொண்டு இறங்கினேன். என் பக்கத்தில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். எங்கே போக வேண்டும் என்று கேட்டதற்கு, "கீழ எறங்கு, சொல்றேன்" என்றாள். ஊர் சிக்னலில் நின்று, இடமா வலமா என்று கேட்டேன். பச்சை விழுந்தது, பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் இன்னும் சொல்லவில்லை.