கொச்சியில் மழை, விஸ்வநத்தத்தில் வெயில்

வானிலை அறிக்கை வாசிப்பது என் வேலை இல்லை. சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பில் அடிப்பதுதான் என் வேலை. ஆனால் நான் அடித்த பில்லை ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. நான் சொல்லும் வெயிலுக்கு மட்டும் கம்பெனியே காது கொடுத்தது.

காரணம் சாதாரணம்தான். பட்டாசு வேலை நடக்கிற இடத்துக்குள் செல்போன் கூடாது. பெண்கள் எல்லோரும் கேட்டிலேயே போனைப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போவார்கள். ஆபீஸ் கேட்டுக்கு வெளியே தள்ளி இருந்ததால் என் போன் என் கையில் இருக்கும். மருந்து அடைத்த பூச்சட்டியும் சக்கரமும் சிமெண்டு மேடையில் நன்றாகக் காய வேண்டும். இடி இடித்தாலோ மருந்து அறையில் ஒரு ஆள்கூட இருக்கக் கூடாது. அதனால் தினமும் காலை எட்டு மணிக்குப் போர்மேன் அண்ணாச்சி என் ஜன்னலுக்கு வந்து நிற்பார்.

"ஏம்மா, இன்னைக்கி எப்படி?"

மாசி மாதத்தில் வாசிக்க என்ன இருக்கிறது? இன்று வெயில், நாளைக்கு வெயில், நாளை மறுநாள் இன்னும் கொஞ்சம் வெயில். டிவியில் வசந்த காலம் என்று பூவும் வண்ணத்துப்பூச்சியுமாகக் காட்டும்போது எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் பக்கம் பனி போனால் மறுநாளே வெயில்தான். ஆனாலும் நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, செய்தி வாசிக்கிற மிடுக்கோடு வாசிப்பேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது, மறைப்பானேன்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய மாசிக் கடைசியில் எனக்குத் தலைகால் புரியவில்லை. திருத்தங்கலில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்த ஒருவர், அச்சு மிஷின் மெக்கானிக், கொச்சியில் ஒரு பிரஸ்ஸில் வேலைக்குப் போயிருந்தார். ஒன்றரை வருஷமாக நாங்கள் போனில் பேசிக்கொண்டிருந்தோம். என்ன பேசினோம் என்பதை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கிழமை ஊருக்கு வாறேன். ஒங்க அப்பாவ நேர்லயே பாத்துக் கேட்டுர்றேன். அதுக்கு முன்னால நீ ஒரு வார்த்த சொல்லி வச்சிரு."

ஒரு வார்த்தைதானே என்று அவருக்கு. எங்கள் அப்பாவை அவருக்குத் தெரியாது. அப்பாதான் எங்கள் கம்பெனி வேன் ஓட்டுகிறவர். காலையில் பெண்களை ஏற்றுவதிலிருந்து சாயங்காலம் இறக்கிவிடுவது வரை அவர் பேசுவதைவிட அவர் ஹாரன் அதிகம் பேசும். அம்மாவிடம் சொன்னால் அழுதுகொண்டே போய் அவரிடம் சொல்லுவாள், காரியம் கெட்டுவிடும். அத்தை மகள் ஒருத்தி விரும்பியவனைப் பற்றி அடுத்தவர் வாயால் கேள்விப்பட்டதற்காகவே அந்தக் கல்யாணத்துக்கு அப்பா போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் நானேதான் சொல்ல வேண்டும். வேறு யாராவது முந்திக்கொண்டால் அவ்வளவுதான்.

பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். சந்தோஷத்தை என்ன செய்வது? புதன்கிழமை காலையில் இரண்டு காலுக்கும் வேறு வேறு கொலுசு போட்டுக்கொண்டு வேனில் ஏறினேன். எட்டு மணிக்கு அண்ணாச்சி வந்து நின்றார். நான் போனைத் திறந்து மிடுக்காக வாசித்தேன்.

"காலையில் மேகமூட்டம். பிற்பகலில் இடியுடன் கூடிய மழை."

அண்ணாச்சி முகம் வெளுத்தது. இடி என்ற சொல்லைக் கேட்டாலே கையில் இருக்கிற டீயைக் கீழே வைத்துவிடுகிற மனுஷர் அவர். "மாசியில இடியாம்மா?" என்று கேட்டார். போனில் போட்டிருக்கிறது என்றேன். அடுத்த பத்து நிமிஷத்தில் மேடை முழுக்கத் தார்ப்பாய். பன்னிரண்டு மணிக்கு மருந்து அறைகளைப் பூட்டி, எல்லோரையும் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் கொண்டுவந்து உட்கார வைத்தார்.

அங்கே எல்லோரும் மழைக்காகக் காத்திருந்தோம். வானத்தில் மருந்துக்குக்கூட ஒரு மேகம் இல்லை. வெயிலில் வேன் கூரை தொட முடியாமல் கொதித்தது. பெண்கள் தூக்குச்சட்டியைத் திறந்து சோற்றைச் சாப்பிட்டு முடித்தார்கள். இரண்டு பேர் தட்டாங்கல் ஆட ஆரம்பித்தார்கள். ஒருத்தி, மழை வந்தால் நனையப் போகிறேன் என்று பின்னலை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். நானும் அவர்களோடு வானத்தை அண்ணாந்து பார்த்து, வரும், கட்டாயம் வரும் என்று தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்கு அண்ணாச்சிக்குப் பொறுமை போய்விட்டது. "போன இங்கன குடும்மா" என்று வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"கொச்சி."

எனக்குக் காது அடைத்துவிட்டது. என் போனில் இரண்டு ஊர் இருந்தது. முதலில் கொச்சி, விரலால் தள்ளினால் சிவகாசி. தினமும் எழுந்ததும் கொச்சிக்காரர் குடை எடுத்துப்போக வேண்டுமா என்று பார்த்துவிட்டு, மற்றவர்களுக்கு மட்டும் தள்ளி வாசிப்பேன். அன்றைக்குத் தள்ள மறந்துபோனேன்.

வேனில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிற மதினி, தூரத்து உறவு, எழுந்தே வந்துவிட்டாள். "கொச்சியில நமக்கு ஆரு இருக்கா?"

"விஷு ஆர்டர் மதினி," என்றேன். "கேரளாவுக்கு லோடு போகுதுல்ல. அங்கன மழை பெஞ்சா சரக்கு நனைஞ்சிருமேன்னு பாத்து வச்சேன்."

நல்ல பொய்தான். சித்திரை விஷுவுக்குக் கேரளாவுக்கு லாரி லாரியாகப் பட்டாசு போகிற சீசன் அது. அண்ணாச்சி மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"நம்ம விஷு லோடு அம்புட்டும் பாலக்காட்டுக்குல்லம்மா போகுது. நீதான பில்லு அடிக்க?"

மரத்தடியில் எழுந்த சிரிப்பை என்னவென்று சொல்வது. பின்னலை அவிழ்த்தவள் விழுந்து புரண்டு சிரித்தாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் கொடுமை. சிரித்துக்கொண்டே திரும்பினால், வேன் கதவில் சாய்ந்தபடி அப்பா நின்றிருந்தார். அவர் சிரிக்கவில்லை. டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் வேனில் எனக்குத்தான் திருவிழா. "ஏ பிள்ள, கொச்சியில இன்னைக்கி தூறலா?" என்று மதினி கேட்பாள். "மதினி, சும்மா வாங்க" என்று கிள்ளுவேன். அப்பா முன்கண்ணாடி வழியாக ரோட்டை மட்டும் பார்த்தார். வீட்டில் சாப்பிட்டு எழுந்து போனார். நான் முந்திக்கொள்ள வேண்டிய வார்த்தையை வேப்பமரத்தடியே சேர்ந்து சொல்லிவிட்டது. அத்தை மகள் கல்யாணத்தன்று அவர் சட்டையை மடித்துப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டது எனக்கு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. ஆனால் போனில் கொச்சி மழையைப் பார்த்தால் உடனே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். பயந்துகொண்டே சிரிக்கிற பைத்தியத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரையும் இறக்கிவிட்ட பிறகு வேனில் நாங்கள் இருவர் மட்டும். எங்கள் தெரு முக்கில் அப்பா திரும்பவில்லை. சற்றுத் தள்ளி ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தார். இனி தள்ளிப்போட நாளில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன்.

"நாளைக்கி அவுக வாராகப்பா. ஒங்ககிட்ட கேக்குறதுக்கு."

"மெக்கானிக்குதான?" என்றார்.

நான் கண்ணைத் திறந்தேன்.

"கொச்சியில நம்ம ஊர்ப் பயலுக நாலு பேரு இருக்கானுக. மூணு பேருக்குக் கல்யாணம் ஆயிருச்சு," என்றார் ரோட்டைப் பார்த்தபடியே. "நாலாவது ஆளு முன்னால வேல பாத்த பிரஸ்ஸுல போயி விசாரிச்சேன். வேலையில சுத்தம், ஆளும் நல்ல பயதான்னாக."

மூன்று நாளாக வாயைத் திறக்காமல் அவர் பார்த்த வேலை இதுதான்.

"ஏம்ப்பா, அடுத்தவுக சொல்லித் தெரிஞ்சதுன்னு ஒங்களுக்குக் கோவம் இல்லையா?"

"ஆரு சொன்னா? மரத்தடியில எல்லாரும் சிரிச்சாக. சொன்னது நீதான, இப்ப." பிறகு, "எத்தன மணிக்கு வாரான்?" என்றார்.

"பன்னெண்டு மணிக்குப்பா."

அப்பா கண்ணாடி வழியாக வானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பன்னெண்டு மணிக்கு வெயிலு மண்டையப் பொளந்துரும். மளையில கெடந்தவன் தாங்க மாட்டான். பத்து மணிக்குள்ள வரச் சொல்லு, அம்மாவ வெள்ளனவே சமைக்கச் சொல்லீருவோம்."

இன்ஜினைப் போட்டார். ஓடுகிற வேனில் நான் போனை எடுத்துத் தட்டினேன். வேன் குலுங்கியதில் எழுத்தெல்லாம் தப்பாக விழுந்தது. அழித்து அழித்துத் தட்டினேன். ஒன்றரை வருஷத்தில் அவருக்கு எத்தனையோ அனுப்பியிருக்கிறேன், அப்பா என்ற சொல் வரும்போதெல்லாம் பயந்து பயந்துதான் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு அனுப்பியது இரண்டே வரி.

"காலையில பத்து மணிக்குள்ள வந்துருங்க. அப்பா வரச் சொன்னாக."