நாற்பத்தெட்டுப் பச்சைக் கற்கள்

புதன்கிழமை மதியம் அரிசி களைந்துகொண்டிருந்த ஷஹனாஸின் இடது காதிலிருந்து ஒரு பச்சைக் கல் கழுநீருக்குள் விழுந்தது. எடுத்துப் பார்த்தாள். அடியிலிருந்த பசை மெல்லிய வில்லையாகக் கல்லோடேயே வந்திருந்தது. பித்தளைத் தோட்டில் ஒரு பொட்டுகூடப் பிடித்திருக்கவில்லை.

அது சோதித்துப் பார்ப்பதற்காக அவளே போட்டுக்கொண்ட ஜோடி. அதே கல், அதே பசையில் இன்னும் இருபத்து நான்கு ஜோடி அலமாரியில் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை ஸ்ரீரங்கத்தில் சித்ராதேவி அக்காவின் மகளுக்கு வளைகாப்பு. வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி தோடு போட வேண்டுமென்பது அக்காவின் ஆசை. நாளைக் காலையில் கொடுப்பதாகப் பேச்சு. சொந்தபந்தத்துக்கு வெளியே ஷஹனாஸுக்குக் கிடைத்த முதல் ஆர்டர் அது.

மகள் ஆலியா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருடம், பாலக்கரை வீட்டில் பொழுதுபோக்காகத் தோடு செய்யத் தொடங்கியவள் அவள். அவளுடைய கூடப்பிறந்த அக்காவின் கணவர் கியாசுதீனின் பட்டறையில் பட்டை தீட்டிய கற்கள் கிடைத்தன. முதலில் சட்டென்று ஒட்டும் பசையை வைத்தாள். கல்லைச் சுற்றி வெள்ளையாகப் பூத்துவிட்டது. பிறகுதான் இரண்டு டியூபாக வரும் எபாக்சிப் பசைக்கு வந்தாள். அதிலும் ஐந்து நிமிடத்தில் இறுகுவது வேண்டாமென்று, ஒரு நாள் எடுத்துக்கொள்வதை வாங்கினாள். அவசரப் பசை நாலாவது கல்லை வைப்பதற்குள் கெட்டியாகிவிடும். இரண்டு டியூபிலிருந்தும் சம அளவு பிதுக்கி, பல்குச்சியால் நன்றாகக் கலக்க அவளுக்குத் தெரியும்.

அப்படியும் ஏன் விழுந்தது? ஞாயிற்றுக்கிழமை ஆலியாவுக்கு எண்ணெய் தேய்த்துப் பின்னல் போட்டுவிட்டு, கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு தோட்டைத் தொட்டது நினைவுக்கு வந்தது.

சாப்பிட வந்த கணவன் ஆரிஃப், "அஞ்சு நிமிஷப் பசை வாங்கிட்டு வரேன். பேந்ததை மட்டும் ஒட்டிக் குடுத்திடு" என்றான்.

"எது பேந்து வரும்னு தெரியலையேங்க. ஞாயித்துக்கிழமை ஒட்டினது, திங்கக்கிழமை ஒட்டினது எல்லாம் ஒரே டப்பாவுல கெடக்கு."

"அப்ப ஒவ்வொண்ணா நெம்பிப் பாரு."

"நல்லா ஒட்டினதையும் நானே பேத்துட்டா?"

"நீ பேத்தா நம்ம வீட்டுல விழும். பேக்கலன்னா அவங்க பாயசத்துல விழும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நகத்தைக் கல்லின் ஓரத்தில் கொடுத்து ஒவ்வொன்றாக நெம்பினாள். ஒவ்வொரு முறையும் மூச்சை அடக்கினாள். நாற்பத்தெட்டில் பதினாறு கையோடு வந்துவிட்டன. பழைய பசையைப் பிளேடால் சுரண்டி, தோட்டின் பள்ளத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்தாள். அதன்பின் விரல் படாமல் புருவம் திருத்தும் இடுக்கியால் கற்களை வைத்தாள். முடித்தபோது மணி ஐந்து. நாளை மாலை ஐந்து வரை அசைக்கக்கூடாது.

போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்துவிட்டுக் கடைசியில் கூப்பிட்டாள்.

"அக்கா, தோடு நாளைக்குக் காலைல முடியாது. வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு நானே மண்டபத்துக்குக் கொண்டு வந்திடறேன்."

"ஏம்மா, என்னாச்சு?"

"கொஞ்சம் கல்லு பேந்துடுச்சுக்கா. என் கையில எண்ணெய் இருந்திருக்கு. திரும்ப ஒட்டியிருக்கேன், இறுக ஒரு நாள் ஆகும்."

"சொல்லாமலே குடுத்திருக்கலாம் நீ."

"அங்க வந்து விழுந்துட்டா?"

"விழுந்தா எங்க நாத்தனாருக்கு ஒரு வருஷத்துக்குப் பேச்சு கிடைச்சிருக்கும். ஏழுன்னா ஏழு, ஷஹனாஸ். ஏழரைக்கு வந்தா எல்லார் காதுலயும் வேற தோடு தொங்கும்."

வியாழக்கிழமை முழுவதும் அலமாரிக் கதவு அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. கலந்ததில் மிஞ்சிய பசையை ஓர் அட்டையில் தடவி வைத்திருந்தாள். அதைத்தான் நகத்தால் குத்திக் குத்திப் பார்த்தாள். மதியம் வரை நகத்தடம் பதிந்தது. மாலையில் பதியவில்லை.

வெள்ளிக்கிழமை ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே மண்டபத்தில் நின்றாள். சித்ராதேவி அவளைப் போக விடாமல் பந்தியில் உட்கார வைத்தார்.

"இலையைப் பாரும்மா. வந்ததுலேருந்து எல்லார் காதையும் பார்த்துக்கிட்டிருக்கே."

"சாப்பிடறேன்க்கா."

எதிர் வரிசையில் அந்த நாத்தனார் எதற்கோ தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். ஷஹனாஸின் கை சோற்றிலேயே நின்றது. கல் இருந்தது. அவள் அடுத்த காதைப் பார்த்தாள்.