கண்டியில் பார்த்தவை

தூத்துக்குடியில் கப்பல் ஏறியது முதல் தலை ஆடிக்கொண்டே இருந்தது. கொழும்பில் இறங்கித் தரையில் நின்ற பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. சேரன்மகாதேவியில் வயலையும் வாய்க்காலையும் விட்டு எங்கும் போகாதவனுக்கு இலங்கை என்ன வேண்டிக்கிடக்கிறது? எல்லாம் அம்மாவின் நச்சரிப்பு. கண்டியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்த என் தம்பி, போனவன் போனவன்தான். ஒரு பொங்கலுக்குக்கூட ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. "போய் அவனைக் கையோட கூட்டிட்டு வாலே" என்று சொல்லி, அவனுக்குப் பிடித்த முந்திரிக்கொத்தைச் சுட்டு ஓலைப்பெட்டி நிறைய அடுக்கி என் தலையில் கட்டிவிட்டாள்.

வருகிற நாளைக் கடிதத்தில் எழுதியிருந்தும் துறைமுகத்தில் தம்பியைக் காணோம். கடை முதலாளிதான் நின்றிருந்தார். ஆழ்வார்குறிச்சிக்காரர், தம்பியை அழைத்துப் போனவரே அவர்தான். அன்றைக்கு எங்கள் வீட்டில் கை நனைத்து, அம்மா வைத்த ரசத்தை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட மனிதர்.

"தம்பி எங்க அண்ணாச்சி?"

"மலைத்தோட்டத்துப் பக்கம் சரக்கு கொண்டுக்கிட்டுப் போயிருக்கான்வே. வந்திருவான். அதுவரைக்கும் நீரு நாலு இடத்தைப் பார்த்துக்கிடும்."

முதலில் காலிமுகத் திடலுக்குக் கூட்டிப்போய்க் கடலைக் காட்டினார். அந்தக் கடல்தான் ராத்திரி முழுக்க என் குடலைப் புரட்டி எடுத்தது. அதை நின்று ரசிக்க வேண்டுமாம். பெட்டியைத் திறந்து, "ஒண்ணு எடுத்துக்கிடுங்க" என்றேன். "பைய சாப்பிடுதேன்வே" என்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கண்டிக்குப் போகிற ரயிலிலும் அதே கதைதான். என் சொம்புத் தண்ணீரை நீட்டினால் தலையை ஆட்டிவிட்டு, ஸ்டேஷனில் விற்றவனிடம் இளநீர் வாங்கிக் குடித்தார். வெற்றிலையைக்கூட என் கையால் வாங்கவில்லை. நாலு காசு சேர்ந்ததும் நம் கை பட்டது இறங்கமாட்டேன் என்கிறது போல என்று உள்ளுக்குள் பொருமினேன்.

கடைக்குப் போவோம் என்றேன். வெள்ளையடிப்பு நடக்கிறது என்று சொல்லி ஒரு சத்திரத்தில் தங்க வைத்தார். விடிந்ததும் பேராதனைத் தோட்டம். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்காத மூங்கில், குடையைப் போல இலை விரித்த பனை, பெயர் சொல்லத் தெரியாத பூக்கள். அவர் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே நடந்தார். எனக்குக் கால் வலி. மூங்கிலைப் பார்க்கவா கடல் தாண்டி வந்தேன்? அங்கிருந்து புத்தரின் பல் இருக்கிற கோயில். வெள்ளை உடுத்த ஜனங்கள் பூத்தட்டோடு சத்தமில்லாமல் நகர்ந்துகொண்டிருந்தார்கள். பல்லைக் காட்டமாட்டார்களாம், பேழையைத்தான் கும்பிட வேண்டுமாம். நானும் கும்பிட்டேன். என் தம்பியைச் சீக்கிரம் கண்ணில் காட்டு என்று கேட்டுக்கொண்டேன். கூட்டத்தில் மெலிந்த உருவம் எது தெரிந்தாலும் அவன்தானோ என்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தேன்.

சாயங்காலம் மகாவலி ஆற்றில் யானை குளிப்பதைப் பார்க்கப் போனோம். பாகர்கள் தேங்காய் மட்டையால் தேய்க்க, யானைகள் தண்ணீரில் சாய்ந்து கிடந்தன. நான் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். இனி ஓர் அடி எடுத்து வைக்கமாட்டேன் என்று தீர்மானமே செய்துவிட்டேன்.

"அவன் வாரதுக்குள்ள இது நமத்துப் போயிரும். நீங்களாவது தின்னுங்க" என்று ஒரு முந்திரிக்கொத்தை நீட்டினேன்.

அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். சிறுபிள்ளை கையை ஒளிப்பது மாதிரி இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் துட்டி சொல்ல வந்தவன், செத்தவரின் வீட்டார் கையால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான். கொழும்பில் இறங்கியது முதல் இவர் அந்த முறையைத்தான் கடைப்பிடித்துக்கொண்டிருந்தார்.

"எப்ப அண்ணாச்சி?" என்றேன்.

மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நீரு ஊர்ல ரயில் ஏறுன அன்னைக்குவே. காய்ச்சல். நீரு வார வரைக்கும் உடம்பைப் போட்டு வைக்க முடியல, நானே கொள்ளி வச்சேன். துறைமுகத்துல உம்ம மூஞ்சியப் பார்த்ததும் வாய் வரலவே. இப்ப சொல்லுவோம், பொறவு சொல்லுவோம்னு உம்மைச் சுத்திக்கிட்டே கெடந்தேன்."

அவரைத் திட்ட வேண்டும் போலிருந்தது. திட்டத் தெம்பில்லை. அழுகையும் வரவில்லை, உடம்பு முழுக்க அசதிதான் இருந்தது. யானைகளைக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்த கப்பலில் தலை ஆடியதா இல்லையா என்பதுகூட நினைவில்லை. துண்டுக்குள் தம்பியின் சாம்பல் முடிச்சு இருந்தது. பெட்டியில் முந்திரிக்கொத்து அப்படியே இருந்தது.

அம்மா வாசலுக்கு ஓடி வந்தாள். என்னைத் தாண்டித் தெருக்கோடி வரை பார்த்தாள். "பின்னால வாரானா?" என்றாள். பெட்டியைத் திண்ணையில் இறக்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். களைத்துப்போய் வந்திருக்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, உள்ளே போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"மொதல்ல குடிலே."

நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் கையை நீட்டவில்லை.

அம்மா என் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். சொம்பைப் படியில் வைத்தாள்.

"எப்ப?" என்று கேட்டாள்.