தொட்டியில் ஊற்றிய தண்ணீர்

செவுள்காரி என்றால்தான் ஊருக்கு அவளைத் தெரியும். தினமும் காலையில் குளத்துக் கெண்டை ஒன்றைக் கண்ணாடி ஜாடியில் விட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, அதன் செவுள் மூடி நிமிடத்துக்கு எத்தனை முறை திறக்கிறது என்று எண்ணுவாள். எண்பது என்றால் குளம் நலம். நூறைத் தாண்டினால் தண்ணீரில் கோளாறு. இந்தக் கணக்கை நம்பியே பதினோரு வருடம் மீன் வளர்த்தாள்.

ஒரு நாள் எண்ணிக்கை நூற்று அறுபது. மறுநாள் குளம் முழுக்க வெள்ளை வயிறுகள். மேட்டில் இருக்கும் பூச்சிமருந்துக் குடோனில் பீப்பாய் கழுவிய தண்ணீர் வாய்க்கால் வழியே இறங்கியிருந்தது. அவள் புகார் கொடுத்தாள்.

பரிசோதனைக்கூடம் எழுதியது: செவுளில் சளி அப்பி மூச்சடைத்திருக்கிறது, மூச்சுக்குப் போராடியே மீன்கள் ஈரலில் இருந்த சத்தையெல்லாம் எரித்துத் தீர்த்திருக்கின்றன. குடோன் முதலாளியும் எழுதிக் கொடுத்தார்: மீன்கள் வெயிலில் செத்தன, எங்கள் வாய்க்கால் தண்ணீர் மீன் வளர்க்க உகந்தது. விடாமல் மழை கொட்டிய மாதத்தில் வெயிலாம்!

பிறகு அவரே அவளைக் கூப்பிட்டுத் தன் அலுவலக மீன்தொட்டியைக் கழுவும் வேலையும் கொடுத்தார். பெரிய மனசு என்று ஊரே மெச்சியது. ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு கழுவினாள்.

புகாரை முடித்துவைக்க அதிகாரி வந்த அன்று, அவள் இரண்டு வாளிகளோடு உள்ளே போனாள். தொட்டியை வடித்து, முதல் வாளியை ஊற்றினாள். முதலாளி செல்லமாக வளர்க்கும் ஒற்றைத் தங்கமீன் அதில் சுற்றியது.

"இப்பவா கழுவணும்? சார் இருக்காரு பாரு."

"சார் இருக்கறதாலதான். கொஞ்சம் எண்ணுங்க முதலாளி. செவுளு எத்தனை தடவ தொறக்குதுன்னு."

அவர் சிரித்தார். கால் மணி நேரத்தில் சிரிப்பு நின்றது. மீன் மேலே வந்து வாயைப் பிளந்தது. செவுள் படபடவென அடித்தது, பிறகு தளர்ந்தது. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது.

"என்னடி ஊத்தினே?"

"மீன் வளர்க்க உகந்த தண்ணிதான். நீங்க கையெழுத்துப் போட்ட வாய்க்கால் தண்ணி, இன்னிக்குக் காலையில மொண்டது."

"ஐயோ, எடுடி வெளியே!" தொட்டிக்குள் கைவிடப் போனவர், விரல் நனைவதற்குள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அதிகாரி அதைப் பார்த்தார்.

"ஏன் கைய இழுத்துக்கிட்டீங்க? வெயிலா, மருந்தா? சொல்லுங்க, எடுக்கறேன்," என்றாள்.

"மருந்துதான்! மருந்துதான், எடுத்துத் தொலை!"

அதிகாரியின் பேனா ஓடியது. அவள் மீனை அள்ளி இரண்டாவது வாளியின் நல்ல தண்ணீரில் விட்டாள். அது பிழைக்கும் வரை எண்ணிக்கொண்டே நின்றாள்.

ஆத்திரம் அடங்கியதா? இல்லை. அவளுடைய நாலாயிரம் மீன்களுக்கு யாரும் இரண்டாவது வாளி கொண்டுவரவில்லையே.