தக்கலை மாடியில் ஒரு புதன்கிழமை வகுப்பு

மதியம் ஒன்றரை மணிக்கு நாகர்கோவில் வடசேரியில் பேருந்து ஏறினேன். தக்கலைக்குப் பதினாறு கிலோமீட்டர். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

"எங்க போறிய?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"கூடப் படிச்சவளைப் பார்க்க. குர்ஆன் வகுப்புக்குப் போறா, நானும் கூடப் போறேன்."

"வீட்டுல சோலி இல்லாத பெண்ணுவ" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது.

ரஹ்மத் நிறுத்தத்தில் காத்திருந்தாள். கணவர் ஷார்ஜாவில். இரண்டு பிள்ளைகளையும் எழுபத்தெட்டு வயது மாமியாரையும் இவள்தான் பார்க்கிறாள். சோலி இல்லாதவளாம்!

நடந்துகொண்டே கேட்டேன், ஏன் சேர்ந்தாய் என்று.

"ஏட்டி ஜாய்ஸ், உம்மா மவுத்தானப்போ, உயிர் போன உடம்பைக் குளிப்பாட்டத் தெரிஞ்ச பொம்பள எங்க தெருவுல ஒருத்தியும் இல்ல. குளச்சல்ல இருந்து ஆள் வர நாலு மணிக்கூர் ஆச்சு. பெத்த உம்மாவத் தொடத் தெரியாம நின்னேன்."

இரண்டரைக்கு வகுப்பு. ஒரு வீட்டின் மாடியில் பதினான்கு பெண்கள். பாடம் நடத்திய ஆலிமாவுக்கு முப்பது வயதுகூட இராது. சின்ன வயது முதல் ஓதும் வசனங்களுக்கு இப்போதுதான் பொருள் தெரிகிறது என்றார் ஒருவர். பிறகு, நீளத் தலையணை ஒன்றைக் கிடத்தி, இறந்த பெண்ணைக் குளிப்பாட்டவும் அவளுக்குரிய ஐந்து துணிகளைப் போர்த்தவும் பழகினார்கள்.

மூன்றேகால் மணிக்குக் கீழே வாசலில் ஒரு குரல். ரஹ்மத்தின் கணவருடைய அண்ணன், அவள் 'காக்கா' என்று அழைப்பவர்.

"வீட்டப் போட்டுட்டு இங்க என்ன கூட்டம்? தம்பிக்குப் போன் பண்ணிச் சொல்லட்டா?"

தினமும் மாலை முழுக்க டீக்கடையில் இருப்பவர் இவர் என்று பின்னால் அறிந்தேன். அவரிடம் யாரும் கணக்குக் கேட்டதில்லை. ரஹ்மத் படியில் இறங்கி நின்றாள். குரல் உயரவில்லை.

"சொல்லுங்க காக்கா. உங்க உம்மாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா குளிப்பாட்ட யாரைக் கூப்பிடுவிய? அதையும் சேத்துக் கேளுங்க."

அவர் தெருவில் இறங்கிப் போய்விட்டார். ஆனாலும் போன் பண்ணியிருக்கிறார். நாங்கள் வீட்டுக்கு வந்ததும் ஷார்ஜாவிலிருந்து அழைப்பு. "இனி போக வேண்டாம்" என்ற சத்தம் எனக்கே கேட்டது. ரஹ்மத் வாய் திறப்பதற்குள் கட்டிலில் இருந்த மாமியார் கையை நீட்டிப் போனை வாங்கினார்.

"மோனே, அவ போவா. என்னை வேற ஆரும் தொடப்பிடாது. இவதான் குளிப்பாட்டணும்."

சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தார். ரஹ்மத் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

ஐந்தரைக்குத் திரும்பும் பேருந்து. வெள்ளிதோறும் எங்கள் சபையின் ஜெபக்கூட்டத்துக்கு வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறேன். பதினெட்டு வருடங்களில் என்னிடம் ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை. இன்று ரஹ்மத்திடம் ஏன் என்று முதலில் கேட்டவள் நான்தான்.