அவனுடைய ஞாயிற்றுக்கிழமைகள்

பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில், நானும் இன்னொருவனும் சேர்ந்து ஸ்டூடியோ வைத்திருந்தோம். தனியாக வாடகைக்கு எடுக்க இருவருக்கும் வக்கில்லை. கிழமை நாட்களில் காலை எனக்கு, மாலை அவனுக்கு. ஞாயிறு மட்டும் ஒரு வாரம் எனக்கு, மறுவாரம் அவனுக்கு. தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் டவுனுக்கு இறங்குவதே ஞாயிற்றுக்கிழமைதான் என்பதால், அந்த விஷயத்தில் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கீழே புடவைக் கடை முதலாளி எங்களைப் பங்காளிகள் என்று கூப்பிடுவார். பங்காளிக் காய்ச்சல் வந்தது என்னவோ எனக்கு மட்டும்தான்.

ஆறே மாதத்தில், அவனுடைய ஞாயிறு எது என்று விசாரித்துக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு நாள் தெமோதரையிலிருந்து ஒரு அம்மா, வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகவிருந்த மகளோடு படியேறி வந்தார். என்னைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"மத்த தம்பி இல்லீங்களா?"

"அவரு அடுத்த ஞாயிறுதான் வருவாரு. நான் எடுத்துத் தர்றேன், வாங்க."

"பரவாயில்ல தம்பி. நாங்க அடுத்த ஞாயிறே வர்றோம்."

இருவரும் மழையில் நனைந்துகொண்டு பஸ்ஸுக்கு நடந்ததை ஜன்னலில் நின்று பார்த்தேன். வயிறு எரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்குள் அந்தப் பெண் விமானம் ஏறிவிடட்டும் என்றுகூட நினைத்தேன். அவ்வளவு நல்ல மனசு எனக்கு.

லென்ஸில்தான் விஷயம் இருக்கிறது என்று முடிவு செய்து, அவனிடம் இருந்த அதே லென்ஸை வாங்கினேன். ஒன்றும் மாறவில்லை. நாற்காலியும் விளக்கும் எங்கே நிற்க வேண்டும் என்று அவன் தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்திருப்பான். ஒரு நாள் அந்த டேப்பை உரித்து ஒரு சாண் தள்ளி ஒட்டினேன். அவன் வந்தான், ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தான், பழைய இடத்திலேயே ஒட்டிக்கொண்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பிரிண்ட் போட்ட படங்களை உறையில் போட்டு ஒரே மேசை லாச்சியில்தான் இருவரும் வைப்போம். அவனுடைய உறைகளை நான் ஒன்று விடாமல் திறந்து பார்ப்பேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, அந்தச் சறுக்கலைத் தேடித்தான். ஒரு நாள் அது கிடைத்தது. அவன் எடுத்த படங்களில் கொழுந்து பறிக்கும் பெண்களின் கைகள் அப்படியே மடியில் கிடந்தன. வெடித்த விரல், கறை ஏறிய நகம், எல்லாம். நான் ஒருநாளும் அப்படி விட்டதில்லை. "கைய முந்தானைக்குள்ள வச்சுக்கங்க" என்பேன், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பூங்கொத்தைக் கையில் கொடுப்பேன். நானும் தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்தவன்தானே, அந்தக் கையைக் காட்ட அவர்கள் கூசுவது எனக்கா தெரியாது? இதைக்கூடக் கவனிக்கத் தெரியாதவனிடமா ஓடுகிறார்கள் என்று நினைத்து, அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

அந்த மாதம்தான் அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போவதை நிறுத்தினார். அதற்கு அடுத்து வந்தது அவனுடைய ஞாயிறு. நான் பெரகலப் பக்கம் ஒரு சடங்கு வீட்டுக்குப் படம் எடுக்கப் போயிருந்தேன். கோயிலுக்குப் போவதாக அம்மா சொல்லியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை வழக்கம்போல் லாச்சியைத் திறந்தேன். இரண்டாவது உறையில் என் அம்மா இருந்தார். தங்கச்சியின் கல்யாணத்துக்குக் கட்டிய சிவப்புச் சேலை. இரண்டு கைகளும் மடியில். என் கேமராவுக்கு முன்னால் ஒருநாளும் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை. குறை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், திருப்பிக்கூடப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் கேட்டேன்.

"எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் எடுத்திருக்க மாட்டேனா?"

"எடுத்திருப்ப. கைய மூடுன்னும் சொல்லியிருப்ப. கல்யாணத்துல சொன்னியே."

"ஒங்க நல்லதுக்குத்தானே சொன்னேன்?"

"ஒன்ன வளத்த கைப்பா இது. இத எதுக்கு மூடணும்?"

அடுப்படிக்குப் போகும்போது, "அந்தத் தம்பிகிட்ட நான் யாரோட அம்மான்னு சொல்லல" என்றார். எனக்கு அது இன்னும் மோசமாக இருந்தது. எனக்காக அவன் ஒன்றும் விசேஷமாகச் செய்யவில்லை. வருகிற எல்லோரையும் அப்படித்தான் எடுத்திருக்கிறான்.

படம் சட்டம் போட்டு வாசலுக்கு நேரே மாட்டப்பட்டது. அடுத்த வாரம் பக்கத்துக் காம்பரா வீட்டு அக்கா வந்து, அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"கை அப்படியே ஒங்க கைதான். மகன் எடுத்ததா?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆமா. மகன் எடுத்ததுதான்."

"நல்லா எடுத்திருக்க தம்பி" என்றார் அக்கா. நான் தலையாட்டினேன். எனக்காக அம்மா பொய் சொன்னது சுடவில்லை. அந்தப் படத்தை அவன் எடுத்துவிட்டானே என்பதுதான் அப்போதும் எரிந்தது.